மாமாவின் மில்லில் நின்றதைச் சிவியில் போடலாமா?

வேலைக்கு எழுதிப் போட்டும் பதில் வராதவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தார். வந்த தபாலைப் பார்த்தால் எழுவான்கரை, படுவான்கரை, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ஓர் ஊர் மிச்சமில்லை. பாதிப் பேர் கேள்வியோடு தங்கள் சிவியையும், அதாவது சுயவிபரக் கோவையையும், போட்டோகொப்பி அடித்து வைத்திருக்கிறார்கள், அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் சேர்த்து. அதற்குக் கீழே ஏச்சு இருக்கிறது. மட்டக்களப்பில் இரண்டு தொண்டு நிறுவனங்களிலும் பிறகு பாசிக்குடாவில் ஒரு விடுதியிலும் ஆள் எடுக்கும் மேசையில் இருந்தவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

கேள்வி: மிஸ், நான் ஏஎல் வர்த்தகப் பிரிவில் படித்து, பிறகு கணக்கியல் டிப்ளோமாவும் முடித்திருக்கிறேன். கணக்கு உதவியாளர் வேலைக்குப் பல இடங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு அழைப்பும் இல்லை. எல்லாரும் அனுபவம் கேட்கிறார்கள். எனக்கு அனுபவம் இல்லை. படிக்கும் காலத்தில் பின்னேரங்களில் மாமாவின் நெல் மில்லில் நின்றது மட்டும்தான். அதைப் போட்டால் சிரிக்க மாட்டார்களா? (சம்மாந்துறை வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய சிவியைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் தலைப்பு, அதன் கீழே கோட் போட்ட படம், முதலெழுத்துகளுடன் பெயர், முழுப் பெயர், வாப்பாவின் பெயர், உயரம், மதம், ஓஎல் பாடங்கள் ஒன்பதும் கட்டம் போட்டு. இரண்டாம் பக்கத்தில் 'கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர், நேர்மையானவர்'. மில் எங்கேயும் இல்லை. அதனால்தான் உங்களுக்குப் போன் எடுத்து, மில்லில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். 'சும்மா நின்றேன்' என்றீர்கள். தோண்டிக் கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.

நெல் வரும்போது நிறுத்திருக்கிறீர்கள். ஈரப்பதம் பார்த்து, 14 சதவீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு கழிப்பது என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். பற்றுச்சீட்டு எழுதியிருக்கிறீர்கள். விதைப்புக்கு முற்பணம் வாங்கியவர்களின் கொப்பியை வைத்திருந்தது நீங்கள்தான். அந்தக் கொப்பியை எக்செல்லுக்கு மாற்றியதும் நீங்கள்தான். மாதக் கடைசியில் வங்கிக் கூற்றையும் காசுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் எங்கே என்று தேடியிருக்கிறீர்கள். வகுப்பில் இதற்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று பெயர். வகுப்பில் செய்தால் புள்ளி, மில்லில் செய்தால் 'சும்மா நின்றேன்'. இது என்ன நியாயம்?

கணக்கு உதவியாளருக்கு ஆள் தேடுகிறவர் உங்கள் சிவியில் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பையன் காசோடும் கொப்பியோடும் எங்கேயாவது இருந்திருக்கிறானா? உங்கள் உயரம் அவருக்கு எதற்கு?

இப்படி எழுதுங்கள்:

பகுதிநேரக் கணக்கு உதவியாளர், நெல் ஆலை, சம்மாந்துறை. 2021 முதல் 2025 வரை.
பெரும்போக, சிறுபோகக் கொள்முதலில் நெல்லை நிறுத்து, ஈரப்பதம் பரிசோதித்து, விவசாயிகளுக்குப் பற்றுச்சீட்டு வழங்கினேன்.
முற்பணம் பெற்ற விவசாயிகளின் கணக்குகளைப் பதிவேட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றி, ஒவ்வொரு போக முடிவிலும் நிலுவைப் பட்டியல் தயாரித்தேன்.
மாதந்தோறும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரித்தேன்.

எத்தனை விவசாயிகள், ஒரு நாளைக்கு எத்தனை மூடை என்பதைக் கொப்பியைப் பார்த்து நீங்களே நிரப்புங்கள். ஊகித்துப் போடாதீர்கள். எண் இருந்தால் வாசிப்பவரின் கண் அங்கே நிற்கும். நேர்முகப் பரீட்சையில் முதல் கேள்வியும் அந்த எண்ணிலிருந்துதான் வரும். அப்போது தடுமாறக் கூடாது.

இது சிவியின் மேல்பகுதியில், பெயருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் அடுத்ததாக வர வேண்டும். டிப்ளோமா அதன் கீழே. ஓஎல்லுக்கு ஒரு வரி போதும்: வருடம், கணிதம், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றின் பெறுபேறு. மற்றதைச் சான்றிதழ் கேட்கும்போது காட்டலாம். 'கடின உழைப்பாளி'யை எடுத்துவிடுங்கள். நான் பார்த்த சிவிகளில் யாரும் தன்னைச் சோம்பேறி என்று எழுதியதில்லை.

மில் மாமாவுடையது என்று சிவியில் சொல்லத் தேவையில்லை. கேட்டால் மறைக்கவும் தேவையில்லை. ஆனால் மாமாவை நடுவராக, அதாவது உங்களைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியவராக, போட வேண்டாம். உங்களிடம் நெல்லுக்குக் காசு வாங்கிய ஒரு விவசாய அமைப்பின் செயலாளரோ, டிப்ளோமா விரிவுரையாளரோ பொருத்தம்.

கேள்வி: அக்கா, கலைப் பிரிவில் ஏஎல் முடித்த கையோடு கல்யாணம். இப்போது பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒன்பது வருடம் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் பக்கத்துக்குக் கள உத்தியோகத்தர் எடுக்கிறார்களாம். வீட்டில் இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. (வெல்லாவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் மூன்றாம் பந்தியில் 'மாதர் சங்கத்தில் செயலாளராக இருப்பதால் நேரம் கிடைப்பதில்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தின் தலைமாட்டில் வர வேண்டிய வரி அதுதான்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளர் என்றால் கூட்டக் குறிப்பு எழுதுகிறீர்கள். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். சுழற்சிக் கடன் யாருக்குப் போனது, யார் திருப்பிக் கட்டவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் எந்தப் பாதை தண்ணீரில் மூடும், எந்த வீட்டுக்கு எந்த நேரம் போனால் ஆள் இருக்கும் என்பதும் தெரியும். கள உத்தியோகத்தர் வேலையில் பெரும்பகுதி இதுதான். நான் இருந்த இடத்தில் பட்டம் பெற்ற பிள்ளைகள் சிலர் படுவான்கரைக்கு அனுப்பிய முதல் மாதத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கூட்டத்துக்கு ஆட்களைக் கூட்டத் தெரியவில்லை, பாவம்.

எழுதும்போது சங்கத்தின் பெயர், உங்கள் பதவி, எந்த வருடத்திலிருந்து, எத்தனை உறுப்பினர், கடன் தொகை எவ்வளவு என்று போடுங்கள். அறநெறிப் பாடசாலையில் படிப்பித்திருந்தால் அதுவும். டெங்கு ஒழிப்பு, வெள்ள நிவாரணப் பட்டியல் போன்றவற்றில் கிராம உத்தியோகத்தருக்கு உதவியிருந்தால் அதையும் ஒரு வரியில். ஊதியம் இல்லாத வேலை என்றால் 'தன்னார்வமாக' என்று ஒரு சொல் சேர்த்தால் சரி. அந்த ஒன்பது வருடத்துக்கு வேறு விளக்கம் வேண்டாம். குடும்பப் பொறுப்பு என்று ஒரு வரி எழுத விரும்பினால் எழுதுங்கள், அதற்கு மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம்.

அப்புறம், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இருந்தால் தொலைபேசி இலக்கத்துக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். கள வேலைக்கு ஆள் எடுக்கும்போது நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான். இல்லையென்றால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, ஸ்கூட்டி பழகத் தொடங்குங்கள்.

கேள்வி: படம், மதம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கட்டாயமா? கொமினிகேஷனில் ரைப் செய்து தருகிறவர் எல்லாம் போட்டால்தான் முழுமை என்கிறார். (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: கொமினிகேஷன்காரரின் கணினியில் ஒரே ஒரு சிவி இருக்கிறது. யாரோ ஒருவருக்காக எப்போதோ அடித்தது. அதில் பெயரை மாற்றி மாற்றித்தான் ஊர் முழுக்க வேலை தேடுகிறது. முந்தியவரின் பிறந்த தேதி அப்படியே கிடந்த சிவியும், இந்துப் பிள்ளை ஒருவரின் சிவியில் 'மதம்: இஸ்லாம்' என்று இருந்ததும் என் கைக்கே வந்திருக்கின்றன. அவரிடம் அடிக்கக் கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி வாசியுங்கள்.

விளம்பரத்தில் கேட்டால் ஒழிய மதம், திருமண நிலை, பெற்றோர் தொழில் எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்லை. விடுதியில் வரவேற்பாளர் போன்ற வேலைகளுக்குச் சில இடங்களில் படம் கேட்பார்கள். கேட்டால் வையுங்கள், கல்யாண வீட்டில் எடுத்ததை வெட்டி ஒட்ட வேண்டாம்.

அடையாள அட்டை இலக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'வயதைப் போடவில்லை மிஸ், கூடிவிட்டது, எடுக்க மாட்டார்கள்' என்று பொத்துவிலிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். வயதை மறைத்தவர் அடுத்த வரியில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டிருக்கிறார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாகவே இருக்கிறது. ஆட்சேர்ப்பு மேசையில் கொஞ்சக் காலம் இருந்தால் இதை வாசிக்கப் பழகிவிடும்.

வயதை விடப் பெரிய பிரச்சினை வேறு. முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் ஐந்தும் ஒரே தாளில். அந்தத் தாளை முகநூலில் 'வேலை இருக்கு, சிவி அனுப்புங்கள்' என்று போட்ட முன்பின் தெரியாத ஒருவரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் பெயரில் சிம் எடுக்க, கடன் எடுக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? சிவியில் ஊரும் மாவட்டமும் போதும். இலக்கத்தை வேலை உறுதியான பிறகு கொடுக்கலாம். அடியில் 'மேற்கூறிய யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கையொப்பம் வைப்பது அரசாங்கப் படிவத்தின் பழக்கம். தனியார் வேலைக்கு அனுப்பும் சிவியில் அது தேவையில்லை.

கேள்வி: கத்தாரில் ஆறு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு 2023 இல் வந்தேன். வாப்பாவுக்குச் சுகமில்லாமல் ஒன்றரை வருடம் வீட்டோடு நின்றேன். அவர் மவுத்தாகிவிட்டார். இப்போது கொழும்புப் பக்கம் களஞ்சிய வேலைக்கு எழுதுகிறேன். சிவி ஐந்து பக்கம் வந்துவிட்டது. இடைவெளி தெரியாமல் கத்தார் வேலையை 2024 வரை நீட்டிப் போடலாமா? (சாய்ந்தமருது வாசகர்)

பதில்: வாப்பாவுக்காக வருந்துகிறேன், தம்பி. நீட்டிப் போட வேண்டாம். கம்பெனி தந்த சேவைக் கடிதத்தில் தேதி இருக்கும், கடவுச்சீட்டில் வெளியேறிய முத்திரை இருக்கும். இரண்டையும் கேட்டுப் பார்க்கிற இடங்கள் உண்டு. வேலை கிடைத்த பிறகு பிடிபட்டால் இன்னும் மோசம். '2023 – 2024: நோயுற்ற தந்தையைப் பராமரித்தேன்' என்று நேராக எழுதுங்கள். அதை வாசித்து ஒருவரைக் கழித்த மேலாளரை நான் கண்டதில்லை. வெறும் வெற்றிடமாக விட்டால்தான் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

ஐந்து பக்கத்தை இரண்டாக்குவது சுலபம். கடவுச்சீட்டுப் பிரதி ஒரு பக்கம், அதை எடுங்கள். ஓஎல் கட்டம் அரைப் பக்கம், அது ஒரு வரியாகட்டும். மூன்று கம்பெனிகளுக்கும் ஒரே ஏழு வரியை மூன்று முறை வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். 'பொருட்களைப் பெற்றுக்கொள்ளல், பொருட்களை வழங்கல், பதிவேடு பேணல்.' ஸ்டோர் கீப்பர் என்றால் அதுதானே செய்வார். வாசிப்பவருக்குத் தெரியாதது எது? எவ்வளவு பெரிய ஸ்டோர், என்ன பொருள், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், கணக்கு எந்த மென்பொருளில், வருடக் கடைசியில் இருப்பு எடுத்தபோது எவ்வளவு குறைந்தது.

கடிதத்தில் நீங்கள் இரண்டு விடயம் எழுதியிருக்கிறீர்கள். 2022 உலகக் கிண்ணத்துக்கு முந்திய கட்டுமான அவசரத்தில் இரவு பகலாக ஒரு தளத்துக்கு மின் பொருட்கள் விநியோகித்தது ஒன்று. ஃபோர்க்லிஃப்ட் அனுமதிப்பத்திரம் எடுத்தது மற்றது. சிவியில் இரண்டும் இல்லை! கடைசி வேலையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். கடைசிக் கம்பெனிக்கு ஐந்து வரி, அதற்கு முந்தியதற்கு மூன்று, முதலாவதற்கு ஒன்று. சம்பளத்தைப் போடாதீர்கள். ரியாலை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, 'இவர் நமக்குக் கட்டுப்பட மாட்டார்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி: வர்த்தமானியில் வந்த பதவிக்கு அழகாக ஒரு சிவி செய்து அனுப்பலாமா? (திருக்கோவில் வாசகி)

பதில்: அனுப்பக் கூடாது. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் அறிவித்தலின் கடைசியில் மாதிரிப் படிவம் இருக்கும். ஏ4 தாளில் அதே வரிசை, அதே இலக்கம், எந்தப் பந்தி எந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதே பக்கம். உங்கள் அழகுணர்ச்சிக்கு அங்கே இடமில்லை. உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதுங்கள், பதிவுத் தபாலில் போடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தச் சொன்னால் அதிபரிடமோ சமாதான நீதவானிடமோ முடிவுத் தேதிக்கு முதல் நாள் ஓடாமல் முந்தியே போங்கள். ஏற்கெனவே அரசாங்க வேலையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டும். சில பதவிகளுக்கு இப்போது ஒன்லைனில் மட்டுமே ஏற்கிறார்கள். அறிவித்தலை முழுதாக வாசியுங்கள், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதீர்கள்.

கேள்வி: நான் மேசன். பதினாறு வயதில் கரண்டி பிடித்தேன். இப்போது முப்பத்தைந்து. மாலைதீவுக்குப் போக ஏஜென்சியில் சிவி கேட்கிறார்கள். ஒரு சேர்டிபிக்கற்றும் இல்லை. என்னத்தை எழுதுவது? (ஏறாவூர் வாசகர்)

பதில்: சேர்டிபிக்கற் இல்லாததற்கு வழி இருக்கிறது, தம்பி. வகுப்புக்குப் போகாமலே, தெரிந்த வேலையைச் செய்து காட்டித் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்விகியூ, எடுக்கலாம். முன்கற்றல் அங்கீகாரம் என்று சொல்வார்கள். நைட்டா எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலோ, தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ மேசன் தொழிலுக்கு விண்ணப்பம் கேளுங்கள். மதிப்பீட்டாளர் வேலையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். தேறினால் மட்டம் 3 அல்லது 4 கிடைக்கும். அதற்கு நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் வேண்டும். கட்டிய வீடுகளின் படம், வீட்டுக்காரர் அல்லது ஒப்பந்தகாரர் தரும் கடிதம், இவற்றை இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்.

சிவி ஒரு பக்கம் போதும். 'மேசன், 19 வருட அனுபவம்' என்று மேலே போட்டுவிட்டு, அடுத்து என்னென்ன வேலை தெரியும் என்று: செங்கல் கட்டு, பூச்சு, டைல் பதித்தல், கொங்கிரீட், கட்டட வரைபடம் பார்த்து வேலை செய்வது. வரைபடம் பார்க்கத் தெரிந்தவருக்கும் சொல்லக் கேட்டுச் செய்பவருக்கும் சம்பளம் வேறு. தெரிந்தால் அதை முதலில் போடுங்கள். பிறகு பெரிய வேலைகள் நாலைந்து: எங்கே, எந்த வருடம், எத்தனை மாடி, உங்களுக்குக் கீழே எத்தனை கையாள். பள்ளிக்கூடக் கட்டடமோ வைத்தியசாலைக் கட்டடமோ இருந்தால் வீடுகளுக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

ஏஜென்சிக்குக் காசு கொடுக்கும் முன் அதன் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். 1989 க்குப் போன் எடுத்தால் சொல்வார்கள். 'சிவி அடித்துத் தர' என்று தனியாக ஒரு தொகை கேட்கிற ஏஜென்சியை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: சாட்ஜிபிடி நல்ல ஆங்கிலத்தில் சிவி எழுதித் தருகிறது. அதை அப்படியே அனுப்பினால் தப்பா? மூன்று மொழியும் சரளம் என்று போட்டிருக்கிறது. சிங்களம் கொஞ்சம் விளங்கும். (கல்லடி வாசகர்)

பதில்: ஆங்கிலத்தைத் திருத்த அதைப் பாவியுங்கள், நானும் பாவிக்கிறேன். ஆனால் அதனிடம் 'எனக்கு ஒரு சிவி எழுது' என்று மட்டும் சொன்னால் உங்களைத் தெரியாமலே எழுதும். 'விளைவுகளை நோக்கி இயங்கும் ஆற்றல்மிகு தொழில்வாண்மையாளர்' என்று வரும். அதே வாக்கியம் அதே வாரம் இன்னும் பல பேரின் சிவியில் இருக்கும். முந்தி கொமினிகேஷன்காரர் செய்ததை இப்போது அது இலவசமாகச் செய்கிறது. நீங்கள் செய்த வேலைகளைத் தமிழிலேயே வரிவரியாக எழுதிக் கொடுத்து, 'புதிதாக எதையும் சேர்க்காமல் எளிய ஆங்கிலத்தில் தா' என்று கேளுங்கள். வந்ததில் உங்களால் வாய்விட்டு விளக்க முடியாத சொல் இருந்தால் வெட்டுங்கள்.

மொழி விடயத்தில் பொய் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நேர்முகப் பரீட்சைக் குழுவில் என் பக்கத்தில் இருந்த சிங்கள அதிகாரி, 'சிங்களம் சரளம்' என்று போட்ட பிள்ளையிடம் 'காலையில் எப்படி வந்தீர்கள், பஸ்ஸிலா?' என்று சிங்களத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார். பிள்ளை கூரையைப் பார்த்தது. அதன் பிறகு தமிழில் சொன்ன உண்மைகளையும் அவர் அரை நம்பிக்கையோடுதான் கேட்டார். 'சிங்களம்: கேட்டால் விளங்கும், பேசப் பழகுகிறேன்' என்று எழுதியிருந்தால் அதே அதிகாரி சந்தோஷப்பட்டிருப்பார். பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் பிரித்துப் போடுங்கள். அம்பாறை நகரப் பக்கம் வேலை என்றால் கொஞ்சச் சிங்களத்துக்கும் மதிப்புண்டு.

விளம்பரம் ஆங்கிலத்தில் வந்தால் ஆங்கிலத்தில், தமிழில் வந்தால் தமிழில். அவ்வளவுதான்.

கேள்வி: நடுவர்களாகப் பாராளுமன்ற உறுப்பினரையும் கோயில் தலைவரையும் போட்டால் பவர் கூடுமா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

பதில்: கூடாது. நாங்கள் போன் எடுத்தால் பாராளுமன்ற உறுப்பினரின் செயலாளர் 'எந்தப் பிள்ளை?' என்பார். உங்களை வேலை செய்யக் கண்டவர் வேண்டும்: முந்திய மேலாளர், விரிவுரையாளர், பயிற்சி கொடுத்தவர். கோயில் தலைவர் திருவிழாக் கணக்கை உங்களிடம் ஒப்படைத்தவர் என்றால் தாராளமாகப் போடலாம், அப்போது அவர் சொல்லுக்குப் பாரம் உண்டு. உறவினர் வேண்டாம். முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள், எந்த வேலைக்குப் போடுகிறீர்கள் என்றும் சொல்லி வையுங்கள். இலக்கம் இன்னும் பாவனையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: தமிழில் அனுப்பிய சிவி 'திறந்தால் ஒன்றும் வாசிக்க முடியவில்லை' என்று திருப்பி வந்தது. (வாழைச்சேனை வாசகி)

பதில்: பாமினியில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் பெயரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கோப்புக்கு 'சிவி நியூ ஃபைனல் 2' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். மின்னஞ்சலை வெறுமையாக அனுப்பாதீர்கள். எந்தப் பதவி, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், ஏன் பொருத்தம் என்று நாலு வரி. ஏஎல் படிக்கும்போது திறந்த 'ஏஞ்சல்', 'லவ்லிபோய்' முகவரிகளை நண்பர்களுக்கு வைத்துக்கொண்டு, பெயரில் புதிதாக ஒன்று திறவுங்கள்.

கேள்வி: அனுப்பிவிட்டேன். போன் எடுத்துக் கேட்கலாமா, காத்திருப்பதா? (பொத்துவில் வாசகர்)

பதில்: முடிவுத் தேதி கழிந்து ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை எடுக்கலாம். தினமும் வேண்டாம். அதைவிட முக்கியம் அவர்கள் எடுக்கும்போது நீங்கள் எடுப்பது. 'தெரியாத இலக்கம்' என்று விட்டுவிட்டு, பிறகு எனக்கு 'அழைப்பே வரவில்லை மிஸ்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 011 என்று தொடங்கினால் கொழும்பு, எடுங்கள். வீட்டில் சிக்னல் இல்லையென்றால் சிக்னல் உள்ள ஒருவரின் இலக்கத்தை இரண்டாவதாகப் போட்டு, அவரிடமும் சொல்லி வையுங்கள். அழைப்பவருக்குக் கேட்கும் அந்தப் பாட்டையும் வேலை கிடைக்கும் வரைக்கும் எடுத்துவிடுங்கள். அதை முழுதாகக் கேட்டுக்கொண்டு காத்திருந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு.